குங்குமம் பட்ட ஜவாரா

எல்லோரும் தருபென் என்று கூப்பிடும் தருலதாபென்னின் மொட்டை மாடியில் கோதுமைப் புல் இல்லாத நாள் இந்த நான்கு வருடங்களில் ஒன்றுகூடக் கிடையாது. மணிநகரில் அந்தப் புல்லுக்கு ஜவாரா என்று பெயர். ஊறிய கோதுமையைத் துணியில் கட்டிவைத்து, வால் விட்டதும் மண் பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவி, ஈரச் சாக்கால் மூடுவாள். ஏழாம் நாள் ஒரு சாண் உயரம். விடிந்ததும் ஏரிக்கரைத் தோட்டத்து வாசலில் ஸ்டூல் போட்டு, கைமிஷினைத் திருகி நிறுத்தி, நடக்க வருபவர்களின் கண்ணெதிரே சாறு பிழிந்து கொடுப்பாள்.

சாறு குடித்து அவளுக்கு என்ன குணமானது என்று கேட்டால், "காலையில சீக்கிரம் எந்திரிக்கிறேன், அதுவே பெரிசு" என்பாள். சர்க்கரைக்காரர்களிடம் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுவாள். அதோடு, யார் கேட்டாலும் ஒரு பிடி விதையும் கொடுத்து வளர்க்கும் முறையையும் சொல்லித் தருவாள். கணவர் கிரீட்பாய்க்கு இதுதான் தாங்காது. "அடுப்பையும் குடுத்துட்டு ரொட்டி விக்கப் போறா பாரு" என்பார்.

அந்த ஆடி மழையில்தான் நல்ல காலம் வந்தது. நடப்போர் சங்கத்துச் செயலாளர் மஹாசுக்பாய், தோட்டத்துக்கு உள்ளே, கூரையும் குழாயும் உள்ள இடத்தை அவளுக்குத் தரலாம் என்றார். ஆனால் ஏகாதசிக்கு மறுநாள் காலை சங்கத்தார் ஐம்பது பேருக்கும் அவள் சாறு கொடுக்க வேண்டும். குடித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். தருபென்னுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே நாளில் ஏழு தட்டு விதைத்தாள். மழையில் பூஞ்சை பிடிக்காமல் தினம் மூன்று முறை ஓடி ஓடிப் பார்த்தாள். ஏழும் பச்சைப் பசேலென்று எழுந்து நின்றன.

ஏகாதசியன்று இஞ்சியும் எலுமிச்சையும் வாங்கிக்கொண்டு திரும்பி மாடியேறியவள் படியிலேயே நின்றுவிட்டாள். ஏழு தட்டிலும் குங்குமம். ஏழிலும் குங்குமம் தோய்த்த பஞ்சு மாலை, நாக்லா. தட்டுகளுக்கு நடுவே கீழ்வீட்டுப் பெண் ஹேத்வி புதுப் பாவாடையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது; அன்றுதான் அவளுடைய கௌரி விரதம் தொடங்கியிருந்தது. சிறுமிகள் ஐந்து நாள் உப்பில்லாமல் சாப்பிட்டு, ஜவாராவுக்குப் பூஜை செய்வார்கள். தன் கிண்ணத்து ஜவாராவுக்கு ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றி அழுகவிட்டிருந்தாள். சாமிக்குத்தானே என்று அவள் அம்மா பினாபென் மாடிக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

"ஒண்ணுக்கு மட்டும் போட்டா மத்தது கோவிச்சுக்கும்ல, காகி? அதான் ஏழுக்கும் போட்டேன்" என்றாள் ஹேத்வி. காகி என்றால் அங்கே சித்தி.

நாக்லா விழுந்த ஜவாராவில் கத்தரி படக் கூடாது. விரதம் முடிந்ததும் தண்ணீரில்தான் விட வேண்டும். விஷயம் புரிந்த பினாபென் தலையில் கை வைத்துக்கொண்டாள். தருபென்னுக்கு வசவு வாய்வரை வந்தது. உப்பில்லாத ரொட்டி தின்ற அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. மிச்சத் தட்டுகளில் இருந்ததோ விரற்கடைப் புல். அதைப் பிழிந்தால் ஐந்து பேருக்குக் காணாது.

கிரீட்பாய் செய்தி கேட்டுச் சிரித்தார். "போ, உன் சிஷ்யக்கோடிங்களைப் போய்க் கேளு" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். தருபென் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

தூறலில் மணிநகர் முழுக்கச் சுற்றினாள். பெண் குழந்தை உள்ள வீடுகளை விட்டுவிட்டாள். அங்கேயும் நாக்லா விழுந்திருக்கும். பையன்கள் மட்டும் உள்ள வீடு, கிழவர்கள் தனியாக இருக்கும் வீடு, எங்கெல்லாம் விதை கொடுத்திருந்தாளோ அங்கெல்லாம் ஏறி இறங்கினாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இப்போது அறுத்தால் வாடிவிடும், காலையில் நாங்களே கொண்டு வருகிறோம்.

வருவார்களா என்று யோசித்தபடியே அன்றிரவு அவள் ஐம்பது குவளையையும் கழுவிக் கவிழ்த்தாள்.

வந்தார்கள். ஐந்தரை மணிக்கே தோட்டத்து வாசலுக்கு, குடை ஒரு கையும் தட்டு ஒரு கையுமாக, பிஸ்கட் டப்பா, உடைந்த வாளி, பழைய இட்லிப் பாத்திரம்கூட, பதினான்கு பேர். கிரீட்பாய் புல்லை அறுத்துக் கழுவித் தர, தருபென் மிஷினைச் சுற்றிய வேகத்தில் ஸ்டூல் ஆடியது. ஐம்பது குவளையும் நிரம்பின.

மஹாசுக்பாய் குடித்து, உதட்டைத் துடைத்து, தட்டுகளை எண்ணினார். "இத்தனை வீட்டுல தானே வளருதே பென். அப்புறம் உள்ள கடை எதுக்கு?"

கிரீட்பாய் தரையைப் பார்த்தார்.

தருபென்னின் கை மிஷின் பிடியிலேயே இருந்தது. "வளர்க்கிறது சுலபம் பாய். மிக்ஸியில போட்டா நுரையும் சக்கையும்தான் மிஞ்சும். அவங்க புல்லை எடுத்துட்டு வரட்டும், நான் பிழிஞ்சு தரேன். இல்லாதவங்களுக்கு என் புல்லு. அதுக்குத்தான் இடம் கேக்கறேன்."

பின்னாலிருந்த ஒருவர், தன் புல்லைத் தானே மென்று பல் ஆடிப்போன கதையைச் சொன்னார். மஹாசுக்பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு ஸ்டூலை உள்ள போடுங்க. ஸ்டூல் வேண்டாம், நல்ல மேஜையா போடுங்க."

பௌர்ணமி கழிந்து ஏழு தட்டு ஜவாராவும் ஹேத்வியோடு ஏரிக்குப் போயின. அவற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்ததும் தருபென் கோதுமை ஊறப்போட்டாள். அடுத்த வருட விரதத்துக்கு எட்டாவதாக ஒரு தட்டு போட வேண்டும் என்று கிரீட்பாயிடம் இப்போதே சொல்லி வைத்தாள். மாடிக் கதவுக்கு ஒரு பூட்டும் வாங்கச் சொன்னாள்.