சுவருக்கு மேல் நடந்த நிச்சயம்

ஜார்ஜ்டவுனில் நாங்கள் முன்பு குடியிருந்த இடத்தில் யாரும் வழி தவறிப் போனதில்லை. ஒரு சந்து இன்னொரு சந்தில் சேரும், அது எப்படியும் பெரிய ரோட்டில் கொண்டுபோய் விடும். பிறகு பாலிக் புலாவ் பக்கம் மலாயில் தாமான் என்று சொல்லும் புதிய குடியிருப்பில் வீடு வாங்கினோம். நல்ல வீடு, நல்ல காற்று. ஆனால் எங்கள் தெரு எங்கள் வீட்டோடு முடிந்துவிடும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு தாமான். அவர்கள் டிவி எங்களுக்குக் கேட்கும். அங்கே போக வேண்டுமென்றால் மட்டும் பெரிய ரோட்டுக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும்.

மகளின் நிச்சயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தோம். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். நாலு மணி தாண்டியும் ஆயர் ஈத்தாமிலிருந்து வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம். பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமா போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, போன் மேப்பு வந்தாச்சுங்குது. எதிர்ல சுவருதான்லா இருக்கு!"

பின்பக்கம் ஓடினேன். சுவருக்கு அப்பால் ஒரே பேச்சுச் சத்தம்.

"சுத்தி வரணும்" என்றேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. இரண்டாவது முறைதான் அவர்களுக்குக் கேட்டது.

"டுரியான் பழ சீசன் ஜாம்ல சுத்தினா அஞ்சு ஆயிரும்" என்றார் மாமா.

"நேரம் தப்பினா ஆடி கழிச்சுத்தான்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மகள் சமையலறை வாசலில் நின்றாள். அவள் கண்ணைப் பார்த்ததும் நான் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டேன்.

"சம்பந்தி! தட்டை இப்படியே கொடுங்க!" அது என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

"வாசல் வழியா வராம எப்படி?" என்றார் சம்பந்தியம்மா.

கீழேயிருந்து என் மனைவி குரல் விட்டாள்: "சமையக்கட்டு வாசலும் வாசல்தான், அக்கா!"

அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. அங்கே சுவரோரம் இருந்த வீட்டுச் சீன அம்மா யாரும் கேட்காமலே ஏணி கொண்டுவந்து சாத்தினார். சம்பந்தியம்மா பட்டுப்புடவையோடு இரண்டு படி ஏறித் தட்டை நீட்டினார். எங்கள் தட்டை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையும் ஏணியில் கை வைத்தார்.

"டேய், இப்பவே சுவர் ஏறாதடா, ஊரு சிரிக்கும்!" என்றார் மாமா.

பழத்தட்டு வந்தது, வெற்றிலைத்தட்டு வந்தது, கடைசியில் நிச்சயப் புடவை வந்தது. மகள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர்கள் கார் சுற்றி வந்து வாசலில் நின்றபோது, அவள் அந்தப் புடவையைக் கட்டி, பூவும் வைத்து, வரவேற்க நின்றிருந்தாள்.