சிவப்பு ஜாக்கெட்

பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னால் என் கணவர் எனக்கு ஒரு சிவப்பு ஜாக்கெட் வாங்கி வந்தார். கேட்காமலே வாங்கி வந்திருக்கிறாரே என்று உருகிப்போனேன். எதற்கென்று கனடாவின் மேற்கே அல்பேர்ட்டாவுக்குப் போன பிறகுதான் விளங்கியது.

அங்கே பாலைநிலப் பூங்கா ஒன்றில் கல் தூண்கள் நிற்கின்றன. மழையும் காற்றும் அரித்த மெல்லிய தண்டு, அதன் தலையில் தொப்பிபோல ஒரு பலகைக்கல். அவற்றைப் படம் எடுக்கவேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. தூணின் உயரம் தெரிய, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கவேண்டுமாம். அந்த ஆள் நான்.

"இஞ்சேரும், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். முகம் வேண்டாம், அங்காலை பாரும்."

"முகம் வேண்டாமெண்டால் ஒரு தடியை நட்டு ஜாக்கெட்டைக் கொழுவிவிடுங்கோவன்."

அவர் சிரிக்கவில்லை. வெளிச்சம் போய்விடும் என்ற பதற்றம்.

மொன்றியலில், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை எனக்கு. சீமெந்துத் தரையில் நாள் முழுவதும் நின்று நின்று குதிக்கால் இரண்டும் போய்விட்டன. ஆறு வருடத்துக்குப் பிறகு கிடைத்த விடுமுறையிலும் நிற்கிற வேலைதான் கிடைத்தது. கல்லானாலும் கணவன் என்று சொல்லி வைத்தவர்கள், கல்லைப் படம் எடுக்கிற கணவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடியற்காலையில் எழும்பி, குளிரில் நடந்து, பிறகு வெயிலில் காய்ந்து இரண்டு நாள் நின்றேன். கமராவின் சின்னத் திரையில் என்னைத் தேடினால் ஒரு செத்தல் மிளகாய் அளவுகூட இல்லை. இந்த மனிசன் என்னைக் கடைசியாக எப்போது நேராகப் பார்த்தார் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. கோபம் வந்தது.

மூன்றாம் நாள் காலை மண்ணில் குந்திவிட்டேன்.

"எனக்குக் கால் ஏலாது. இண்டைக்கு நீங்கள் போய் நில்லுங்கோ. நான் எடுக்கிறன்."

அவர் கமராவை முக்காலியில் பூட்டி, எந்தப் பொத்தானை அமர்த்துவது என்று காட்டினார். என்னுடைய ஜாக்கெட்டையே வாங்கிப் போட்டுக்கொண்டார். தோளில் இறுகி, கை முழங்கையோடு நின்றது. அந்தக் கோலத்தில் சரிவில் இறங்கிப் போனார்.

நான் லென்ஸைத் திருகித் திருகி அவரைக் கிட்டக் கொண்டுவந்தேன். தூணுக்குப் பக்கத்தில் போனதும், நான் இன்னும் ஆயத்தமில்லை என்று நினைத்தாராக்கும், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். வாய் கோணிப்போய் இருந்தது. டவுன்டவுனில் உணவகக் குசினியில் அண்டாத் தூக்கிற உடம்பு. இந்த மூன்று நாளும் முக்காலியையும் இரண்டு பையையும் அவர்தான் சுமந்தார். அவரை நேராகப் பார்த்து எனக்கும் எவ்வளவு காலம் என்று அப்போதுதான் உறைத்தது. கை தன்பாட்டில் பொத்தானை அமர்த்திவிட்டது.

நான் எழும்பிக் கையைக் காட்டியதும் நிமிர்ந்து, ஒன்றும் நடக்காததுபோல நின்றார்.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "எவ்வளவு நாளாய் இந்த இடுப்பு?"

"போன மாரிக் குளிரிலையிருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் பயணம் வெளிக்கிட்டிருக்க மாட்டீர்."

பிறகு யாரும் எங்கேயும் நிற்கவில்லை. ஒரு பாறையின் நிழலில் குந்தியிருந்து, கொண்டுபோன பாண் துண்டுகளையும் தேங்காய்ச் சம்பலையும் தின்றோம். வெயில் ஏறியது. நல்ல வெளிச்சம் போனது. அவர் கமராப் பக்கம் திரும்பவில்லை.

மொன்றியலுக்கு வந்ததும் நான் எடுத்த அந்த ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டினேன். அவருக்கு அதில் இன்னும் குறை.

"கல்லின்ரை தொப்பி வெட்டுப்பட்டுப் போச்சு. எவ்வளவு வடிவான படங்கள் கிடக்கு, இதை ஏன் மாட்டினனீர்?"

நான் கல்லை எடுக்கவில்லை என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை.