இரண்டாவது பொத்தான்

என் அண்ணனுக்குத் தொழிற்சாலையில் ‘சின்ன முதலாளி’ என்று பட்டப்பெயர். தகடு அடிக்கும் பிரஸ் பிரிவுக்கு அவன்தான் மேஸ்திரி. நிர்வாகத்தை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வேலைநிறுத்தத்தின்போது எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே போனான். கூட வேலை செய்தவர்கள் காறித் துப்பினார்கள். அவனுக்காக நான் அவர்களோடு சண்டை போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இரு கைகளாலும் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே சிக்கக் கூடாதென்றுதான் அந்த ஏற்பாடு. ஒரு பொத்தானைக் கம்பியால் அழுத்திக் கட்டிவிட்டால் ஒரு கை மிச்சம், உற்பத்தி கூடும். மேனேஜர் கட்டச் சொன்னார். பன்னிரண்டு எந்திரங்களிலும் அண்ணன் தன் கையாலேயே கட்டினான். “பார்த்து வேலை செஞ்சா ஒண்ணும் ஆகாது மாப்ள” என்று அதில் ஓர் எந்திரத்தில் வேலை செய்த என் கணவரிடம் வேறு சொன்னான்.

மூன்றாம் வாரம் அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் போயின.

மறுநாள் அண்ணன் மேனேஜர் கொடுத்த ஒரு தாளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கம்பியைக் கட்டியது என் கணவரேதான் என்று அதில் டைப் அடித்திருந்தது. மேஸ்திரி என்ற முறையில் அண்ணன் கையெழுத்துப் போட்டால் பழி முழுக்க என் கணவர் தலையில்; அவர் வேலையும் போகும்.

“போடலேன்னா என்னைத் தூக்கிடுவாங்க” என்றான்.

“போடேன். உள்ள போய் அவர் கையைப் பார்த்துட்டு வந்து போடு!” என்று கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அவன் உள்ளே போகவில்லை. தாளை மறுபடி படித்தான். ‘மேஸ்திரி பலமுறை எச்சரித்தும்’ என்ற வரியில் அவன் விரல் நின்றது.

“நான் எச்சரிச்சேனாம். பச்சைப் பொய்! அதையும் என் பேர்ல எழுதி வச்சிருக்கான் பாரு.”

தாளின் பின்பக்கத்தில் எழுதினான்: கட்டியது நான், கட்டச் சொன்னது மேனேஜர். நம்பிக்கை இல்லாமல் நானும் கூடவே தொழிற்சாலைக்குப் போனேன். மேனேஜர் படித்துவிட்டு முகம் சிவந்தார்.

“இருபத்தாறு வருஷ விசுவாசம் எங்கய்யா போச்சு?”

“அதுதான் சார் கம்பியைக் கட்டுச்சு.”

வெளியே வந்ததும் அண்ணன் அழுதபடி என் கையைப் பிடித்தான். உதறிவிட்டேன்.

“என்கிட்ட அழாதே. அந்த மனுஷன் தன் தப்புதான்னு நினைச்சு தன்னையே திட்டிக்கிட்டுக் கிடக்காரு. போய் அவர்கிட்ட சொல்லு.”