கண்ணாடிக் காசில் என் கட்டைவிரல்

மலேசியாவின் கூலிம் நகரில் மாதம் ஒரு ஞாயிறு காலை நாணயம் சேர்ப்பவர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவோம். அங்கேதான் அந்தக் கேவலத்தைச் செய்தேன்.

கரங்கானிலிருந்து வரும் லோரி ஓட்டுநர் மணியம் அண்ணனிடம் ஒரு வெள்ளிக் காசு இருந்தது. முகம் பார்க்கலாம், அப்படிக் கண்ணாடி மெருகு. வெறும் விரல் பட்டால் நாளடைவில் கறை ஊறிவிடும். துடைத்தால் மெருகே போய்விடும். என் காசுகளைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்ள மூன்று வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அன்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "உனக்கு மட்டும் தரமாட்டேன்லா தம்பி. நீ வாங்கிட்டு மறுநாளே வித்துடுவ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனதும் அவருடைய காசுப் பெட்டியைத் திறந்தேன். கையுறையைக் கழற்றி, காசின் நடுவில் கட்டைவிரலை அழுத்தினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அவர் நேராக என் மேசைக்கு வந்தார். காசில் ஒரு விரல் ரேகை பழுப்பாக ஏறியிருந்தது. அதன் குறுக்கே வெறுமையாக ஒரு கோடு.

"கைய காட்டு."

சிறு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி கிழித்த தழும்பு என் கட்டைவிரலின் குறுக்கே ஓடுகிறது. கையை மடக்கிக்கொண்டேன்.

"அண்ணே, வேற வாங்கித் தரேன்."

"வேணாம். எனக்கு இதுதான் வேணும். யாரு கேட்டாலும் காட்டுவேன்."

இன்றும் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் காசைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார். போகாவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நானும் போகிறேன். மற்றவர்கள் காசைத் தொடும்போதுதான் கையுறை போடுகிறார்கள். நான் மண்டபத்து வாசலிலேயே போட்டுக்கொள்கிறேன்.