கொடைக்கானலுக்கே மண்ணீரல் ஈரம்

சீன வைத்தியத்தில் வருடத்துக்கு ஐந்து பருவங்கள். கொடைக்கானலில் இரண்டுதான்: சீசன், ஆஃப் சீசன். ஐந்தை இரண்டுக்குள் அடைக்க நான் ஒரு வருடம் பாடுபட்டேன். அதில் என் மனைவியின் உயிர் போகப் பார்த்தது. இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது என்றால், அவள் பிழைத்துக்கொண்டாள் என்பது ஒன்றுதான் காரணம்.

பஜாரில் எங்களுக்கு ஒரு கடை. சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், மிளகு, கம்பளித் தொப்பி என்று சுற்றுலா வருகிறவர்கள் ஊருக்கு வாங்கிப் போகும் சாமான்கள். மாடியில் வீடு. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆஃப் சீசனில் மழையும் மூடுபனியும் வந்துவிட்டால் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இருக்காது. அப்படி ஒரு ஜூலை மாதத்தில்தான் மதுரையில் அக்குபஞ்சர் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஊசியெல்லாம் கிடையாது. நாடி பார்த்து விரலால் ஒரு புள்ளியைத் தொட்டால் போதும் என்றார்கள். ஊசி கிடையாது என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

வகுப்பில் சொன்னதில் வயிற்றுப் பாடம்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் உறுப்பு. வசந்தம் கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும். கோடை இதயத்துக்கு. கோடை முடிந்து காற்றில் ஈரம் ஏறுகிற நாட்கள் மண்ணீரலுக்கும் இரைப்பைக்கும். சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் பொறுப்பு அந்த இரண்டினுடையது. ஈரம் சேர்ந்தால் மண்ணீரல் படுத்துவிடும். அப்போது பச்சைக் காய், பால், இனிப்பு, குளிர்ந்த தண்ணீர் எதுவும் ஆகாது. இஞ்சி போட்ட சூடான அரிசிக் கஞ்சிதான் மருந்து. வருடா வருடம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு ஒரு சீனாக்காரன் தேவைப்பட்டான்.

"சார், எங்க ஊர்ல அந்த ஈரமான பருவம் எந்த மாசம் வரும்?" என்று எழுந்து கேட்டேன். வாத்தியார் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்தது வெயில் ஒன்றுதான். "நீங்களே ஊரைப் பாத்து முடிவு பண்ணிக்கங்க பாய்" என்று சொல்லிவிட்டார். எல்லா வினைக்கும் வித்து அந்த ஒரு வார்த்தை.

ஊருக்கு வந்து பார்த்தேன். துவைத்த துணி ஒரு வாரம் காயவில்லை. ஜாடியில் உப்பு தண்ணீர் விட்டிருந்தது. தீக்குச்சி நாலு கிழித்தால் ஒன்று பற்றியது. ஆகவே கொடைக்கானலில் பன்னிரண்டு மாதமும் மண்ணீரல் பருவம் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. யார் எந்த வியாதியோடு வந்தாலும் மண்ணீரலில் ஈரம். தலைவலியா, ஈரம். தூக்கமில்லையா, ஈரம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை படித்த நான் கால் வைத்தியன். எனக்கு ஐநூறு பேருக்குமேல் அனுமதி இல்லை.

கடையின் பின்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டேன். சான்றிதழை லேமினேட் செய்து மாட்டினேன். முதலில் வந்தவர் வில்பட்டியில் காரட் போடும் ஒரு விவசாயி. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, உடம்பில் ஈரம் கூடியிருக்கிறது என்றேன்.

"என்ன பாய், ஈரம் இல்லாம காரட்டு எங்கிட்டு வெளையும்? வயிறு பொருமிக்கிட்டுக் கெடக்கு, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

பாலையும் பன்னையும் விடச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு கிலோ பூண்டோடு வந்து, வயிறு லேசாகிவிட்டது என்றார். தினம் ஆறு டீ, ஆறு பன் சாப்பிட்டவர் அதை நிறுத்தினால் சீனா இல்லாமலே வயிறு லேசாகும். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. அவர் சொல்லி மேல்மலைக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள்.

பின்பக்கத்தில் உட்கார்ந்து, "மண்ணீரலுக்கு மொத எதிரி பாலும் சக்கரையும்தான்" என்பேன். நாலு எட்டு நடந்து முன்பக்கம் வந்து, "மில்க் சாக்லேட் ஃப்ரெஷ் சார், டேஸ்ட் பண்ணிப் பாருங்க" என்பேன். கடையில் வேலை பார்க்கும் வில்பட்டிக்காரப் பெண்மணி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"பாய், வைத்தியத்தக் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. முன்னாடி யாவாரம் படுத்துரும்" என்றார்.

இந்த நேரத்தில்தான் என் மனைவிக்கு வயிற்றுவலி வந்தது. வத்தலக்குண்டில் அவள் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தாள். வந்த மறுநாள் காலையில், "என்னங்க, கொஞ்ச நாளாவே சாப்பிட்டா வலது பக்கம் மேல் வயித்துல புடிச்சு இழுக்குது. முதுகு வரைக்கும் போகுது" என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு நோயாளி.

கையை நீட்டச் சொல்லி நாடி பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் பல் தடம் இருந்தது. சந்தேகமே இல்லை, மண்ணீரலில் ஈரம். நெய், தேங்காய், கறி, பால் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்று வேளையும் இஞ்சிக் கஞ்சி. சீன வைத்தியத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு மணி நேரம் உண்டு. மண்ணீரலுக்கு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. அதனால் தினமும் ஒன்பது மணிக்குக் கடையை அந்தப் பெண்மணியிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போவேன். மடித்த துண்டின்மேல் அவள் வலது கையை வைப்பாள். இடது கையில் இஞ்சித் தண்ணீர் கிளாஸ் இருக்கும். பத்து நிமிடம் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் வாரம், "பேசாத, நாடி மாறிரும்" என்று அதட்டினேன். பிறகு அவள் பேசினாள், நானும் விட்டுவிட்டேன். எங்கள் கல்யாணப் பிரியாணியில் உப்பு கூடிப்போனதை இருபத்தாறு வருடமாக மனதில் வைத்திருந்திருக்கிறாள். மகள் போனில் ரொம்ப நேரம் பேசினால் மாமியார் முகம் சுளிப்பாளோ என்று பயந்து இவளே சீக்கிரம் போனை வைத்துவிடுவாளாம். மொட்டை மாடிக் குரங்கில் ஒன்றுக்கு இவள்மேல் மட்டும் தனிக் கோபமாம். கடைசியில், "இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்பாள். "ஈரம் கொறஞ்சிருக்கு" என்பேன். தலையாட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொள்வாள்.

வலி குறைந்தது. மெய்யாகவே குறைந்தது. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். வருகிறவர்களிடமெல்லாம் "சந்தேகமா இருந்தா எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க" என்று மாடியைக் காட்டுவேன். அவளும் எட்டிப் பார்த்து, "ஆமா, இப்பப் பரவாயில்ல" என்று சொல்வாள். நான் மாட்டிய சான்றிதழைவிட அவள்தான் நல்ல சான்றிதழ்.

ஏப்ரல் வந்தது, சீசன் வந்தது. கடையை வெள்ளனே திறந்து இருட்டிய பிறகு சாத்தினோம். ஒன்பது மணி நாடி நின்றுபோனது. வியாபாரத்துக்காக மண்ணீரலுக்கு இரண்டு மாதம் விடுமுறை கொடுத்தேன். கஞ்சி வைக்கவும் நேரமில்லை. ஓட்டலிலிருந்து பரோட்டாவும் சால்னாவும் வந்தன, அவளும் அதைத்தான் சாப்பிட்டாள். நடுவில் இரண்டு மூன்று முறை, "திரும்ப லேசா இழுக்குதுங்க" என்றாள். "சீசன் முடியட்டும், பாப்போம்" என்றேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, நடுப்பகல். கடை முழுக்கக் கூட்டம். மாடிக்குச் சாப்பாடு கொடுக்கப் போன பெண்மணி படியிலேயே நின்று கத்தினார்.

"பாய், அக்கா வேர்த்துப் போயி உக்காந்திருக்கு. உடம்பு கொதிக்குது, கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு. வெரசா வாங்க!"

ஓடினேன். கண் மஞ்சள்தான். சீன வைத்தியத்தில் மண்ணீரலின் நிறம் மஞ்சள். அந்த நேரத்திலும் என் மனம், 'பார்த்தாயா, நான் சொன்னது சரி' என்றது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. குனிந்து அவள் முழங்காலுக்குக் கீழே இரைப்பைப் புள்ளியைத் தேடி அழுத்தினேன்.

"காலை விடுங்க பாய், வண்டியக் கூப்பிடுங்க" என்றார் அந்தப் பெண்மணி. அன்றைக்கு எங்கள் வீட்டில் வைத்தியம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

முதலில் பார்த்த டாக்டர், உடனே கீழே கொண்டுபோகச் சொன்னார். சீசன் சனிக்கிழமையில் மலையை விட்டு இறங்குவது என்ன பாடு என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அருவி பார்க்க வண்டியை நடுரோட்டில் நிறுத்தியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் சைரன் போட்டபடி நின்ற இடத்திலேயே நின்றது. ஓரமாக நின்று சோளம் கடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களை எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் எங்கள் கடைப் பை இருந்தது. வருடம் பூராவும் இந்தக் கூட்டம் வரட்டும் என்று துஆ கேட்கிறவன் நான். அன்றைக்கு அத்தனை பேரையும் வாய்விட்டுத் திட்டினேன். அவள் வலியிலும், "திட்டாதீங்க, நம்ம யாவாரம்" என்றாள்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பித்தப்பையில் இருந்த கல் நழுவிக் குழாயில் அடைத்திருக்கிறது, சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டது, முதலில் அடைப்பை எடுத்துவிட்டுப் பிறகு ஆபரேஷன் என்றார் டாக்டர். "பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"எடுத்ததே இல்லை சார்" என்றேன்.

"இருக்கு. வத்தலக்குண்டுல அக்கா வீட்டு பீரோவுல இருக்கு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

ஒரு மணி நேரத்தில் அவள் அக்கா அந்தக் கவரோடு வந்தார். பித்தப்பையில் கற்கள், ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று அதில் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். நான் முதன்முதலாக அவள் நாடியைப் பிடித்ததற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

இத்தனை மாதம் என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். கஞ்சிக் கதையைச் சொன்னேன். "எண்ணெய் இல்லாத நல்ல பத்தியம்தான். அதனாலதான் வலி அடங்கியிருந்திருக்கு. அதனாலதான் இவ்வளவு முத்துற வரைக்கும் வந்திருக்கு" என்றார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வகுப்பில் எழுதிய நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. மண்ணீரலுக்கு வலது கை நாடி, பித்தப்பைக்கு இடது கை நாடி. என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தேன். ஐந்து மாதம் தினமும் வலது கையைப் பிடித்திருந்தவன், அந்தக் கிளாஸைக் கீழே வைக்கச் சொல்லி இடது கையை ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம். அவள் போய்விடுவாள் என்று பயந்தேன். அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

போகவில்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "மிளகு சைஸ்ல இருந்துக்கிட்டு என்ன பாடு படுத்திருச்சு" என்றாள். முகத்தில் மஞ்சள் மறைந்திருந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"கல்லுன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல? நான் ஈரம் ஈரம்னு உளறினப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

பாட்டிலைப் போர்வைமேல் வைத்தாள்.

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க கையப் புடிச்சு உக்காந்துட்டீங்க. கல்யாணமாகி இத்தன வருசத்துல, கடைச் சோலிய விட்டுட்டுப் பத்து நிமிசம் எங்கிட்ட உக்காந்தது அப்பத்தான். மறுநாளும் வந்தீங்க. கல்லுன்னு சொன்னா அன்னைக்கே டாக்டர்ட்ட ஒப்படைச்சுட்டுக் கடைக்குப் போயிருப்பீங்க. வலியும்தான் கொறஞ்சிருச்சே, சீசன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அப்படியெல்லாம் போயிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கடையிலிருந்து போன் வந்தது, தைலம் தீர்ந்துவிட்டது, எங்கே சொல்லி வாங்குவது என்று. வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.