ஓர் ஆள் அளவுக்குக் கூடுதல் துணி

சலூன்காரருக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் ஏரிக்கரைக் கடையில் முடிவெட்டிக்கொண்டே, கண்ணாடியில் படகுகள் போவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு பழைய மோட்டார் படகை வாங்கியே விட்டார்.

"மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. இதுல தண்ணி மேல சவாரி கேக்குதாக்கும்!" என்றாள் மனைவி. திட்டிக்கொண்டேதான் படகைத் துடைத்தும் கொடுத்தாள்.

டிரெய்லரோடு படகை வீட்டின் பக்கவாட்டில், சமையலறை ஜன்னலுக்கு நேரே நிறுத்தினார்கள். விற்றவள் ஒரு நடுவயதுப் பெண். டிரெய்லர், என்ஜின், சாவி எல்லாம் கொடுத்தவளிடம், "மூடி வைக்க உறை இல்லையாம்மா?" என்று கேட்டதற்கு, "கிழிஞ்சு போச்சு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள்.

மழைக்காலம் நெருங்கியது. சலூன்காரர் அவசரத்துக்கு ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட் வாங்கிவந்து, படகைப் போர்த்திக் கயிறு கட்டினார். மறுநாள் காலையில் ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, உள்ள யாரையாவது உக்கார வச்சு மூடிட்டீங்களா?"

சிரித்துக்கொண்டே வந்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஓட்டுநர் சீட்டுக்கு மேலே ஷீட் புடைத்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் சிக்கியிருக்கும் என்றார். ஆனால் ஸ்டியரிங்கின் மேடு அதற்கு முன்னால் தனியாகத் தெரிந்தது. கயிற்றை அவிழ்த்துத் தூக்கிப் பார்த்தார். சீட் காலியாக இருந்தது. ஷீட்டின் உட்பக்கம் மட்டும், வாயருகே கண்ணாடியை வைத்தால் படியுமே, அப்படி ஈரம் படிந்திருந்தது.

திரும்ப மூடினார். சற்று நேரத்தில் மறுபடியும் புடைத்தது.

வேறு யாராவது என்றால் காற்று என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் வாழ்நாளெல்லாம் ஆட்கள் கழுத்தில் துணி கட்டியவர். துணிக்குள் எது முழங்கால், எது கோத்த கை, எந்த ஆள் பொறுமையில்லாமல் நெளிகிறான் என்பதெல்லாம் பார்க்காமலே தெரியும். கனத்த உடம்பு. இடது தோள் சரிந்திருக்கிறது. கைகள் மடியில், ஒன்றின் மேல் ஒன்று. இத்தனையும் தானாகக் கண்ணில் பட்டதும் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. பிளாஸ்டிக்தான் கோளாறு, நல்ல உறையாகப் போட்டால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தார்ப்பாயும் வண்டி உறையும் தைக்கிற கடைக்காரி, அவரை உட்காரவைத்துத் துணி மாதிரிகளை எடுத்துப் போட்டாள்.

"பிளாஸ்டிக் வேணவே வேணாம்ணே. உள்ள வேர்த்துப் பூஞ்சை புடிச்சிடும். மூச்சு விடணும்."

"யாரு?" என்றார் சலூன்காரர், தூக்கிவாரிப்போட்டு.

"துணிண்ணே! துணி மூச்சு விடணும்."

தண்ணீர் இறங்காத, ஆனால் காற்று போகிற கெட்டித்துணி. வெயிலில் வெளுக்காத சாம்பல் நிறம். பின்பக்கம் காற்றுப்போக இரண்டு திறப்பு. நடுவில் மழைநீர் தேங்காமலிருக்க ஒரு முட்டுக்கம்பு. காற்றடித்தால் பறக்காமல் படகின் அடியில் சுற்றி மாட்ட வார். என்ஜின் வரை முழுசாக மூடுகிற மாதிரி. எல்லாம் பேசி முடித்தார்கள். மறுநாள் மதியம், அவர் சலூனில் இருக்கும்போது, அவளே வீட்டுக்கு வந்து மெல்லிய துணியைப் படகின்மேல் போட்டு, சாக்பீஸால் கோடிழுத்து அளவெடுத்துப் போனாள்.

மாலையில் தையல்கடைக்குப் போய்ப் பார்த்தால், வெட்டிய அளவுத்துணியைத் தரையில் விரித்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"அண்ணே, அந்தப் பெரியவரைக் கொஞ்சம் இறங்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"எந்தப் பெரியவரு?"

"சீட்டுல இருந்தாரே. துணியப் போட்ட அப்புறம்தான் கவனிச்சேன். 'ஐயா, எந்திரிங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னேன், அசையல. வயசானவராச்சேன்னு அப்படியே அளவெடுத்துட்டேன். இங்க பாருங்க, ஓர் ஆள் அளவுக்குத் துணி கூடுதலா நிக்குது. கழிச்சிடவா?"

"நாளைக்குச் சொல்றேன், தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரே படகை விற்றவள் வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்தவளிடம் சுற்றிவளைக்கத் தோன்றவில்லை.

"அந்தப் படகை ஓட்டினவருக்கு இடது தோள் கொஞ்சம் சரிஞ்சிருக்குமாம்மா?"

அவள் முகம் வெளிறியது. "எங்கப்பாவை எங்க பார்த்தீங்க? அவரு வெளிய வந்தே ரொம்ப நாளாச்சே!"

செத்துப்போன யாரையோ நினைத்து வந்தவர் திகைத்து நின்றார். அவள் உள்ளறைக் கதவைத் திறந்து காட்டினாள். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் கனத்த ஒரு மனிதர், மார்பு வரை போர்வை. பக்கவாதம். கண் திறந்திருந்தது, பார்வை யார்மேலும் படவில்லை. இடது தோள் சரிந்து, போர்வைக்குள் கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அதே மேடு, அதே மடிப்பு.

"படுத்த நாள்லேருந்து இப்படித்தான். பழைய உறையும் சீட்டு மேல புடைச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. பயத்துல நானே கத்திரியால கிழிச்சுப் போட்டேன். படகையும் வித்தாச்சு. அப்பாகிட்ட சொல்லல. சொன்னா தாங்க மாட்டாரு."

பெரியவரின் முடி காதை மூடி வளர்ந்திருந்தது. அதை வெட்டுவது மட்டும்தான் சலூன்காரருக்குத் தன்னால் செய்யக்கூடிய காரியமாகப் பட்டது. பையிலிருந்த கத்திரியை எடுத்தார். வெட்டிக்கொண்டே, மகள் தண்ணீர் எடுக்கப்போன சமயம், காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, படகு என்கிட்டதான் இருக்கு. பத்திரமா மூடி வச்சுக்கறேன்."

போர்வைக்குள் வலது கை நகர்ந்தது. எதையோ பற்றி, மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பியது. கத்திரி அந்தரத்தில் நின்றது.

தையல்கடையில் போய், "கழிக்க வேணாம்" என்றார்.

உறை வந்தது. கச்சிதமாகத்தான் இருந்தது. மனைவியிடம் எல்லாம் சொன்னார். அவள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காய் நறுக்குகிற பலகையை ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி மாற்றிப் போட்டுக்கொண்டாள். எத்தனை மழை பெய்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் அந்த உறைமேல் தேங்கவில்லை. சலூன்காரர் அதை ஒருதரம்கூட அவிழ்க்கவில்லை. பெரியவருக்கு மட்டும் தவறாமல் போய் முடிவெட்டிவிட்டு வந்தார். 'படகுக்கு எப்பத்தான் தண்ணி காட்டப்போறீங்க?' என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டலடித்தார்கள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் மனைவி கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஏங்க... எழுந்து போயிட்டாருங்க."

சீட்டுக்கு மேலே துணி தொய்ந்து, குழியில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. போன் வரும்வரை காத்திருக்காமல் அவர் பெரியவர் வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்ற மகள் அழுகையை நிறுத்திக்கொண்டு, "அதுக்குள்ள யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

துணியைக் கழித்துத் தைத்து வாங்கிய பிறகுதான் படகு ஏரியில் இறங்கியது. நன்றாகவே ஓடியது. மனைவிகூட வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி வந்து, டிரெய்லரில் ஏற்றி, வீட்டோரம் நிறுத்தி, அவள் மூடுவதற்கு உறையை விரித்தபோதும் அவர் சீட்டைவிட்டு இறங்கவில்லை. கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க, மூடணும்."

"நீ மூடு. நான் கொஞ்ச நேரம் இருக்கேன்."

அவர் இடது தோள் லேசாகச் சரிந்திருப்பதைப் பார்த்தாள். பேசாமல் ஏறி, மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துவந்து நிறுத்தினாள். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம்தான். எப்போது படகை மூடினாலும், முதலில் புருஷனை இறக்கிவிட்டு, சீட்டைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்த பிறகுதான் அவள் வாரை இழுத்து மாட்டுகிறாள்.