லேப்டாப் வேண்டாத ஸ்கோப்

எனக்கு அறுபத்தாறு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் குட்டி ஸ்கோப் பெட்டியை வாங்கி வந்தவன் மூத்தவன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இருபது வருஷம் எலக்ட்ரானிக் போர்டு சோதிக்கும் மேசையில் இருந்தேன். எழுதப் படிக்க அதிகம் வராது. ஆனால் போர்டில் ஓடும் மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் ஸ்கோப் திரையில், அந்தக் கோடு எங்கே கெட்டிருக்கிறது என்று பார்த்ததும் சொல்வேன். சரியான கோட்டின் படத்தை மேசைக்கு மேலே ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தேறினோம். இப்போது ஆரம்பாக்கத்தில் வீட்டிலேயே மோட்டார் போர்டு, இன்வெர்ட்டர் போர்டு சரி செய்கிறேன். பழைய ஸ்கோப் செத்துப்போனது.

மகன் வாங்கி வந்ததற்குத் திரையும் இல்லை, திருகும் இல்லை. லேப்டாப்பில் சொருகினால்தான் கோடு வரும். லேப்டாப்போ அவனோடு ஷிப்டுக்குப் போய்விடும். வீட்டில் இருந்தாலும் அதில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து.

"நான் வந்து போட்டுத் தரேம்மா. இன்னா அவசரம்?"

"நீ வர்ற வரைக்கும் போர்டை மடில வச்சிக்கினு குந்திக்கினு இருக்கணுமாடா? கையால திருவற தனிப் பெட்டிதான் வேணும் எனக்கு."

அவனுக்கு லீவு கிடைத்த நாளில் சென்னையில் ஸ்கோப் விற்கும் கடைக்குப் போனோம். ஒரு ரைஸ் மில்லின் மோட்டார் போர்டைத் துண்டில் சுற்றி, அதற்கு பேட்டரியும் எடுத்துக்கொண்டேன். ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நிற்கும் போர்டு அது.

கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "சார், பையன் காலேஜா?" என்று மகனைக் கேட்டார்.

"எனக்குப்பா," என்றேன்.

"உங்களுக்கா? இதுல சீரியல்லாம் வராதும்மா!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு பெட்டிகளை வைத்தார். விலை குறைந்ததன் முகப்பில் இருக்கும் கம்பியிலேயே புரோப் என்கிற சோதனை ஒயரை மாட்டி, "பாருங்க சார், எவ்ளோ சுத்தமா வருது," என்றார். அது பெட்டி தானே தரும் கோடு. எந்தப் பெட்டியிலும் அழகாகத்தான் வரும்.

"மாப்ள சொக்காயைப் பாத்தா பொண்ணு குடுப்ப? என் போர்டுல மாட்டு."

மாட்டினார். அந்தப் பெட்டியில் எவ்வளவு நேரம் பார்த்தும் கோட்டில் குறையே தெரியவில்லை. அடுத்ததில் எந்த உயரத்துத் துடிப்பைப் பிடிக்க வேண்டும் என்று வைக்கும் திருகை நானே கொஞ்சம் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். ஊசி போல ஒரு துடிப்பு எழுந்தது. வந்ததும் மறைந்துவிடும் அதைப் பெட்டி பிடித்துத் திரையில் நிறுத்தியது. மோட்டார் நிற்பதற்கு அதுதான் காரணம்.

"இதைப் போடு," என்றேன்.

பில் போட்டார், மகன் பெயரில். இருபது வருஷச் சம்பளச் சீட்டில் பார்த்த என் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"கிழிச்சிட்டு வேற போடு."

"எம்மா, பேர்ல இன்னா கீது? வுடும்மா," என்றான் மகன்.

"வேலை என்னுது, பெட்டி என்னுது. பேரு மட்டும் உன்னுதா?"

வேறு பில் வந்தது. மறுநாள் அவன் ஷிப்டு முடித்து வருவதற்குள் மில்காரர் நான் சரி செய்த போர்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் அப்பன் வரும் இடத்தில் எல்லாம் பேனா தயங்குகிறது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"எங்க, மொதல்லர்ந்து படி. உங்கப்பன் செருப்பைப் பாத்துக்கினு நின்னானே, அதை முழுங்காம படி."